அணை வருவதற்கு முன் உத்தமபாளையத்தில் என்ன இருந்தது?

மே 9

கேள்வி இது: "பென்னிகுவிக் அணை கட்டாவிட்டால் உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம் எல்லாம் வெறும் முள்ளுக்காடுதானே? 1895க்கு முன்னால் அங்கே ஊர் என்று சொல்ல ஏதாவது இருந்ததா?"

இருந்தது. நிறையவே இருந்தது. முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, பொங்கலன்று எங்கள் தெருவிலும் அவர் படத்துக்கு மாலை விழும். ஆனால் "அவருக்கு முன் பாலைவனம்" என்ற பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. அதை அதிகம் சொல்வது வெளியூர்க்காரர்கள்கூட இல்லை, நம்ம ஆட்கள்தான்.

உத்தமபாளையத்தில் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைப்பதற்குள் சின்னமனூர் வந்துவிடும். பாண்டியர் காலத்தில் அதற்கு அரிகேசரிநல்லூர் என்று பெயர். அங்கே கிடைத்த செப்பேடுகளைத்தான் சரித்திரக்காரர்கள் பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, சிறிய சின்னமனூர்ச் செப்பேடு என்கிறார்கள். பெரியது ராசசிம்ம பாண்டியன் வெளியிட்டது, பத்தாம் நூற்றாண்டு. "மகாபாரதந் தமிழ்ப்படுத்தும் மதுராபுரிச் சங்கம் வைத்தும்" என்று தன் முன்னோர் பெருமையைச் சொல்லிக்கொள்கிறானே, அந்த வரி இருப்பது இதில்தான். சங்கம் பற்றிப் பேசுகிற எல்லாரும் அந்த வரியை எடுத்துக்கொள்வார்கள், செப்பேடு எதற்காக எழுதப்பட்டது என்பதை விட்டுவிடுவார்கள். அது நிலதானம், ஒரு கிராமத்தைப் பிரமதேயமாக, அதாவது பிராமணர்களுக்குத் தானமாக, கொடுத்த பத்திரம். வானம் பார்த்த முள்ளுக்காட்டைத் தானம் கொடுத்து அதைச் செம்பில் வேறு வெட்டிவைக்க அந்த ராஜாவுக்கு என்ன தலையெழுத்து? பிரமதேயமாகக் கொடுப்பது பெரும்பாலும் நீர்பாயும் நிலம், அல்லது நீர்பாய்ச்ச வழி இருக்கிற நிலம்.

மே 10

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்காதவர்களுக்காக.

மேற்கே ஏலமலை, அதன் உச்சியில் கேரள எல்லை. கிழக்கே மேகமலை. இரண்டுக்கும் நடுவே தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடும் தாழ்வான நிலம். அதன் அடிமுனையில் லோயர்கேம்ப், அப்புறம் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வந்து தேனியில் வாய் திறக்கிறது. லோயர்கேம்பிலிருந்து குமுளிக்கு மலைப்பாதை ஏறினால் கொஞ்ச தூரத்திலேயே நானூறு ஐந்நூறு மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். கீழே வேர்த்து ஊற்றும், மேலே ஸ்வெட்டர் தேடுவார்கள்.

தென்மேற்குப் பருவமழை முழுக்க மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். நமக்கு வருவது சாரலும் காற்றும்தான். நம்முடைய சொந்த மழை ஐப்பசி, கார்த்திகையில். அதனால் "மழை குறைவு" என்பது உண்மை. மழை குறைவு என்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம் கிடையாது, இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள். மேகமலைப் பக்கத்திலிருந்து இறங்கும் சுருளியாறு அணைக்கு ரொம்ப முன்னாலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

மே 12

"செப்பேடு சின்னமனூருக்குத்தானே, உத்தமபாளையத்துக்கு என்ன?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். நியாயம்.

ஊருக்கு மேற்கே கருப்பணசாமி கோவில் பாறை. கிடா வெட்டவும் பொங்கல் வைக்கவும் போகிறவர்கள் பாதிப்பேர் அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார்கள். கருப்பசாமிக்கு நட்டுவைத்த அரிவாள்களைத் தாண்டிப் பாறையை ஒட்டி நடந்தால், அதன் முகத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். உட்கார்ந்தவர்கள் சிலர், நின்றவர்கள் சிலர். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் அது பார்சுவநாதர். உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் எழுத்துகளின் பள்ளம் தெரியும், உச்சி வெயிலில் போனால் வெறும் பாறைதான். அந்த எழுத்துகளில் அச்சணந்தி என்ற துறவியின் பெயர் வருகிறது. இதே பெயர் மதுரையைச் சுற்றி ஆனைமலையிலும் அழகர்மலையிலும் இருக்கிறது. அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மதுரைக்கும் இந்தப் பாறைக்கும் ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது. சமணத் துறவிகள் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் இல்லை. அவர்களுக்குச் சோறு போட, உருவம் வெட்டக் காசு கொடுக்க ஊர் வேண்டும், வணிகர் வேண்டும். முள்ளுக்காட்டில் யார் போட்டது சோறு?

கல்லூரியில் படித்தபோது பக்கத்திலேயே இருந்தும் நான் அந்தப் பாறைப் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு நண்பன் கூட்டிக்கொண்டு போகச் சொல்லித்தான் போனேன். வழியெல்லாம் அவன் கேள்வி கேட்க, நான் தலையைச் சொறிந்தேன்.

மே 13

மனைவியின் நகைகளை விற்று, இங்கிலாந்துச் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதற்கு ஓர் ஆவணத்தையும் நான் இதுவரை பார்த்ததில்லை. அணை சென்னை மாகாண அரசு தன் செலவில், பொதுப்பணித்துறை வழியாகக் கட்டியது. தொடக்க வேலைகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதும், காய்ச்சலிலும் காலராவிலும் கூலியாட்கள் நூற்றுக்கணக்கில் செத்ததும் உண்மை. அந்த மனிதரின் பிடிவாதத்துக்கு அதுவே போதும், நகைக்கடை வரைக்கும் போக வேண்டியதில்லை.

யோசனையும் அவருடையது மட்டும் இல்லை. மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாமா என்று 1789லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி, அதாவது தலைமை அமைச்சர், முத்து இருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். கையில் பணம் இல்லை, விட்டுவிட்டார்கள். 1808இல் காப்டன் கால்டுவெல் என்ற ஆங்கிலேயர் பார்த்துவிட்டு நடக்காத காரியம் என்று எழுதிக் கொடுத்தார். 1876–78 பெரும்பஞ்சத்துக்குப் பிறகுதான் அரசாங்கத்துக்கு உறைத்தது. 1886இல் திருவிதாங்கூரோடு குத்தகை ஒப்பந்தம், 999 வருடம், 8000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். 1895 அக்டோபர் 10இல் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார்.

மே 13, இரவு

ராமநாதபுரத்துப் பிரதானிக்கு எதற்கு நம் மலையில் வேலை என்று யோசித்துப் பாருங்கள். நாளைக்கு எழுதுகிறேன்.

மே 19

நாளைக்கு என்று சொல்லி ஒரு வாரம் ஓடிவிட்டது. வீட்டில் விசேஷம்.

நான் சொல்ல வந்தது இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பக்கவாத்தியம். பெரியாற்றுத் தண்ணீர் நமக்காகக் கொண்டுவரப்பட்டது இல்லை. நம் வழியாகப் போகிறது, அவ்வளவுதான். பிரதானி பார்த்தது ராமநாதபுரத்துக்காக. வெள்ளைக்காரன் கட்டியது மதுரை, மேலூர்ப் பக்கத்துக்காக. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம், ஒரு மைலுக்குச் சற்று மேல். அதைத் தாண்டி வந்து விழும் தண்ணீர் ஆற்றிலேயே நம் ஊர்களைக் கடந்து, தேனிக்கு அப்பால் வைகையில் சேர்ந்து, பேரணை என்ற தடுப்பணை வரை போய், அங்கேதான் பெரியாறு பிரதானக் கால்வாயில் திரும்புகிறது. வைகை அணை எல்லாம் பின்னால் வந்தது, 1959இல். திட்டத்தின் முதல் வரைபடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், கம்பம் பள்ளத்தாக்கு அதில் ஒரு குழாய்.

அப்படியானால் நாம் எப்படிப் பிழைத்தோம்? ஆறு ஏற்கெனவே இருந்தது, வயலும் இருந்தது. பழைய ஆறு வருடத்தில் சில மாதம் மெலிந்து போகும், புதுத் தண்ணீர் வந்ததும் மெலியவில்லை. ஒருபோகம் இருபோகம் ஆயிற்று. அணை தந்தது அந்த இரண்டாவது போகம். ஊரைத் தந்தது அணை இல்லை.

இதைச் சொன்னால் பென்னிகுவிக்கைக் குறைத்துவிட்டேன் என்று சண்டைக்கு வருகிறார்கள். இரண்டாவது போகம் என்ன சாதாரண விஷயமா? எங்கள் தாத்தா வீடு ஓட்டுவீடு ஆனது அந்தப் போகத்தில்தான்.

மே 21

பாசனத்துக்குக் கொடுத்த தண்ணீரில் மின்சாரம் எடுப்பது என்ன நியாயம் என்று கோட்டயம் பக்கத்திலிருந்து எழுதியவருக்கு: நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. பழைய ஒப்பந்தம் பாசனத்துக்குத்தான், மின்சாரம் அதில் இல்லை. லோயர்கேம்ப் மின்நிலையம் 1958 முதல் 1965க்குள் படிப்படியாக வந்தது, நான்கு எந்திரம், தலா 35 மெகாவாட். அதற்கான உரிமை காகிதத்தில் ஏறியது 1970 திருத்தத்தில்தான். அப்போது குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது, மின்சாரத்துக்குத் தனித் தொகை, மீன்பிடி உரிமை உங்களுக்கு. மீனை உங்களிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரை நாங்கள் எடுத்துக்கொண்டோம். யாருக்கு லாபம் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அணையில் எத்தனை அடி தண்ணீர் தேக்கலாம், 136 அடியா, 142 அடியா, 152 அடியா என்ற சண்டைக்குள் நான் இறங்கப் போவதில்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 என்று சொல்லிவிட்டது, அது இருக்கட்டும். அந்தச் சண்டையை இங்கே ஆரம்பித்தால் அச்சணந்தியே எழுந்து ஓடிவிடுவார்.

ஜூன் 2

ஊரில் இருக்கிறேன். முதல்போகத்துக்கு ஜூன் முதல் வாரத்தில் தண்ணீர் திறப்பது வழக்கம். அரசுக் கணக்கில் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் 14,707 ஏக்கர், 17 வாய்க்கால். அந்த எண் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், தேர்வில் வராத ஒரே எண்.

எங்கள் வயல் பாளையம் பரவு வாய்க்கால் பாசனத்தில். வாய்க்கால் தண்ணீர் முதலில் தெளிவாக வராது. காய்ந்த இலை, பாட்டில், செருப்பு, போன வருடத்துக் குப்பை எல்லாம் நுரையோடு முன்னால் வரும், அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர். மடை பார்ப்பவர் மண்வெட்டியோடு கூடவே நடந்து வருவார். மடையில் அடைத்த மண்ணை ஒரே கொத்தில் எடுக்க மாட்டார், ஓரத்தில் சீவி வழிவிடுவார், இல்லாவிட்டால் வரப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வெடித்த வயலில் தண்ணீர் பரவாது, முதலில் வெடிப்புக்குள் இறங்கும். சளசளவென்று சத்தம் மட்டும் கேட்கும். ஒரு வயல் நிறைய எவ்வளவு நேரம் என்று என் மகள் கேட்டாள். மடை பார்க்கிற பெரியவர், "அது குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாப்பா" என்றார்.

ஜூன் 3

ஆமாம், செருப்பு நிஜம். இடதுகால் செருப்பு.

ஜூன் 15

"நெல்லை விடுங்கள், கம்பம் என்றால் திராட்சைதானே" என்றவருக்கு.

திராட்சை ஆற்றுத் தண்ணீரின் கதை இல்லை, கிணற்றின் கதை. ஆற்றை ஒட்டி நெல், அதற்கு மேலே ஏறினால் கல்தூண் ஊன்றிக் கம்பி கட்டிய பந்தல்கள். கவாத்து செய்த, அதாவது கொடியை வெட்டிவிட்ட, நாளிலிருந்து ஏறக்குறைய 120 நாளில் பழம். ஒரு தோட்டம் கவாத்தில், அடுத்தது பூவில், அதற்கடுத்தது அறுப்பில் என்று ஓட்டுவதால் வருடம் முழுக்க எங்காவது பழம் இருக்கும். பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு கிடைத்த வருடம் எங்கள் மாமா தோட்டத்தில் மழை தப்பிப் பெய்து பழம் வெடித்தது. "குறியீட்டை எந்தக் கொடியில் கட்டித் தொங்கவிட?" என்று கேட்டார்.

கிணற்றுக்கு ஊற்று எங்கிருந்து? ஆறும் வாய்க்காலும் வயலும் நனைந்து கிடப்பதால்தான். அந்த வகையில் திராட்சையும் அணைக்குக் கடன்பட்டதே. இதை நான் மே 19இல் எழுதும்போது யோசிக்கவில்லை, நெல்லை மட்டும் வைத்துப் பேசினேன். இரண்டாவது போகம் என்பதற்குள் கிணற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு எட்டாத மேற்கு மேட்டுக்காட்டுக்கு 18ஆம் கால்வாய். லோயர்கேம்பில் ஆரம்பித்து மலையடிவாரமாகவே தேவாரம், போடிப் பக்கம் வரை போய்க் கண்மாய்களை நிரப்புகிறது. 44 கண்மாய். திறக்கும் தேதி, எத்தனை நாள், உடைந்த தொட்டிப்பாலம் என்று வருடா வருடம் ஒரு பஞ்சாயத்து உண்டு. தேவாரம் பக்கத்து ஆட்களிடம் "தண்ணீர் வந்ததா" என்று கேட்டால் பதிலுக்கு ஒரு சிரிப்பு வரும், அதை எழுத்தில் போட முடியாது.

ஜூன் 23

அரிக்கொம்பன் என்ற காட்டுயானை எப்படி இந்தப் பேச்சுக்குள் வந்தான் என்று தெரியவில்லை, வந்துவிட்டான். சரி, அவனும் புவியியல்தான். 2023 ஏப்ரல் கடைசியில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து மேகமலைக்குப் போனான், மே 27 காலையில் கம்பம் தெருவில் நின்றான். அப்புறம் சண்முகாநதி அணைப் பக்கம் சுற்றி, ஜூன் 5இல் பிடிபட்டு, களக்காடு முண்டந்துறைக்குப் போய்ச் சேர்ந்தான். டிவியில் "யானை ஊருக்குள் புகுந்தது" என்றார்கள். மேற்கே பெரியாறு புலிகள் காப்பகம், கிழக்கே 2021இல் அறிவித்த திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், நடுவே குறுகலான ஒரு பட்டையில் நாம். யானையின் பார்வையில் நாம்தான் வழிமறித்துப் பந்தல் போட்டிருக்கிறோம்.

அந்த வாரம் எங்கள் அத்தை வாசல் தெளிக்கவே விடிந்த பிறகுதான் வெளியே வந்தார். ஐம்பது வருடப் பழக்கத்தை ஒரு யானை மாற்றியது.

ஜூன் 24

மலை என்றால் காடு மட்டும் இல்லை, கூலியும். விடிவதற்கு முன் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம் என்று எல்லா ஊர் முக்கிலும் ஜீப் நிற்கும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் பெண்கள் போவார்கள், சாயங்காலம் திரும்புவார்கள். ஏற்றக்கூடாத அளவுக்கு ஆள் ஏற்றுவதும், வளைவில் விபத்து நடந்தால் இரண்டு நாள் கெடுபிடி, மூன்றாம் நாள் பழையபடி என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே. 1956இல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு போயின. தோட்டம் அந்தப் பக்கம், கை இந்தப் பக்கம். ஏலக்காய் மட்டும் எல்லை பார்ப்பதில்லை, அதன் ஏல விற்பனை போடியிலும் நடக்கும், மேலே கேரளப் பக்கம் புத்தடியிலும் நடக்கும்.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறுப் போராட்டம் சூடானபோது ஜீப் நின்றது. மேலேயே தங்கி வேலை பார்த்த குடும்பங்கள் மூட்டையோடு இறங்கின. கீழே இருந்து ஜனம் ஆயிரக்கணக்கில் குமுளி நோக்கி நடந்தது. தண்ணீருக்காக ஊர்வலம் போன வீடும், கூலி போய்விட்டதே என்று முழித்த வீடும் பல சமயம் ஒரே வீடு. ஆண்கள் ஊர்வலத்தில், பெண்கள் அரிசிப்பானைக் கணக்கில். இந்த இரண்டாவது கதையை யாரும் மேடையில் பேசிக் கேட்டதில்லை.

ஜூலை 7

காற்று. ஜன்னல் கதவு ஒன்று போயிற்று.

ரயில் கேட்டவருக்கு: பள்ளத்தாக்குக்குள் ரயில் கிடையாது. போடிக்குத்தான், 1928இல் வந்தது. உலகப்போர் சமயத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள், 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். தேனிக்கு 2022இல், போடிக்கு 2023இல் திரும்ப வந்தது. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர்கேம்ப் வரை ஒரு பாதை கேட்டுக்கொண்டேயிருக்கிறோம். தேர்தல் வந்தால் அந்த ரயில் ஓடும்.

ஜூலை 21

மதுரைக் குடிநீர்க் குழாய் பற்றி நான் ஏன் வாயே திறக்கவில்லை என்கிறார் கம்பத்துக்காரர். திறக்கிறேன்.

லோயர்கேம்பிலேயே தண்ணீரை எடுத்துக் குழாயில் மதுரை மாநகருக்குக் கொண்டுபோகும் திட்டம். விவசாயிகள் எதிர்த்தார்கள், வைகை அணையிலிருந்து எடுங்கள் என்றார்கள். "குடிக்கிற தண்ணீருக்குக் குறுக்கே நிற்கலாமா" என்று மதுரையில் இருக்கும் என் தம்பியே என்னிடம் சண்டை போட்டான். குடிக்க வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆற்றில் வந்தால் வரும் வழியில் மணலை நனைக்கும், கிணற்றில் ஊறும், வீரபாண்டித் திருவிழாவில் ஜனம் குளிக்கும், அப்புறம் வைகை அணைக்குப் போகும், மதுரையும் குடிக்கும். குழாயில் போனால் மதுரை குடிக்கும், மற்றது எதுவும் நடக்காது. நூறு வருடத்துக்கு மேல் நமக்குக் கிடைத்ததெல்லாம் தண்ணீர் திறந்த ஆற்றில் போனதால் கிடைத்தது. உரிமை என்று காகிதத்தில் இருப்பது 14,707 ஏக்கருக்கு, ஊற்றுக்குக் காகிதம் கிடையாது. பந்தல் போட்டவர்கள் பயப்படுவது அதற்குத்தான். குழாய் எடுக்கும் அளவு ஆற்றில் ஓடுவதோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான் என்று தம்பி சொல்கிறான். மழைக்காலத்தில் அது சரி. ஏப்ரல், மே மாதத்தில் ஆற்றைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அவனுக்கும் அனுப்பியிருக்கிறேன், படித்துவிட்டு வந்து திட்டுவான். அதற்குள், தேவாரம், போடிப் பக்கத்து ஆட்கள் யாராவது 18ஆம் கால்வாயில் போன முறை எந்தக் கண்மாய் வரை தண்ணீர் வந்தது என்று எழுதுங்கள். ஆபீஸ் கணக்கு வேண்டாம், கண்ணால் பார்த்தது.